திறக்க மறுக்கும் ஃபோல்டரும் ரீஸ்டோர் பாயின்ட்டும்

[திரையில்: விண்டோஸ் கணினியின் சி டிரைவ். மங்கலான நிறத்தில் ஒரு ஃபோல்டர்.]

குரல்: ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் பகுதியில், மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்லி, பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டால், சி டிரைவில் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற ஃபோல்டர் தென்படும்.

[திரையில்: இருமுறை கிளிக். 'அக்சஸ் இஸ் டினைட்' என்ற செய்தி.]

குரல்: நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டராகவே நுழைந்திருந்தாலும் அது திறக்காது. ஏனெனில் அதற்குள் செல்லும் அனுமதி, 'சிஸ்டம்' என்ற பெயரில் விண்டோஸ் தனக்கென வைத்திருக்கும் கணக்குக்கு மட்டுமே வழங்கப்பட்டுள்ளது. ரீஸ்டோர் பாயின்ட்டுகள், அதாவது கோளாறு வந்தால் விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவுகள், சேமிக்கப்படும் இடம் இதுதான்.

பூட்டு எதற்கு என்பது, ரீஸ்டோர் பாயின்ட் உருவாகும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். 2001-இல் வந்த எக்ஸ்பி, மாறவிருக்கும் சிஸ்டம் கோப்புகளைத் தனித்தனியாகப் பிரதி எடுத்து வைத்தது. விஸ்டாவிலிருந்து 'வால்யூம் ஷேடோ காப்பி' என்ற முறை வந்தது. இதில் ரீஸ்டோர் பாயின்ட் உருவாகும் நொடியில் டிரைவ் முழுவதும் நகலெடுக்கப்படுவதில்லை. அதற்குப் பிறகு டிரைவில் ஏதேனும் ஒரு பகுதியின் மேல் புதிய தரவு எழுதப்பட இருந்தால், அங்கிருந்த பழைய தரவு முதலில் இந்த ஃபோல்டருக்குள் எடுத்து வைக்கப்படுகிறது. அதன் பின்னரே புதியது எழுதப்படுகிறது. ஆகவே உள்ளே இருப்பவை, அடைப்புக்குறிகளுக்குள் நீண்ட எண்களையும் எழுத்துகளையும் பெயராகக் கொண்ட பெரிய கோப்புகள். அவற்றைத் தனியே திறந்து படிக்கவும் முடியாது, பாதியை அழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தவும் முடியாது. இடம் போதவில்லை என்றால் அனுமதியை மாற்றிக் கையால் அழிக்கச் சில வீடியோக்கள் வழி சொல்கின்றன. அது வீண் ஆபத்து.

[திரையில்: சிஸ்டம் புரொடெக்‌ஷன் சாளரம், 'கான்ஃபிகர்' பொத்தான்.]

குரல்: ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடினால் இந்தச் சாளரம் வரும். 'கான்ஃபிகர்' பொத்தானை அழுத்தி, எத்தனை சதவீத இடம் ஒதுக்கலாம் என்பதை இங்கேயே குறைத்துக்கொள்ளலாம். ஒதுக்கிய இடம் நிரம்பியதும் பழைய பாயின்ட்டுகள் தாமாகவே நீங்கும். பல கணினிகளில் இந்த வசதி அணைக்கப்பட்டே இருக்கிறது என்பதால், சி டிரைவுக்கு நேராக 'ஆன்' என்று இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இதே பெயரில் பென் டிரைவிலும் ஒரு ஃபோல்டர் தோன்றுவதைக் கண்டு வைரஸ் என்று அஞ்சுபவர்கள் உண்டு. அது பெரும்பாலும் விண்டோஸ் எழுதிவைக்கும் ஓரிரு சிறிய குறிப்புக் கோப்புகள்தான். அழித்தாலும் மீண்டும் செருகும்போது வந்துவிடும்.

ரீஸ்டோர் செய்யும்போது ரெஜிஸ்ட்ரி எனும் விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடு, வன்பொருள்களை இயக்க உதவும் டிரைவர் மென்பொருள்கள், சிஸ்டம் கோப்புகள் ஆகியவை பழைய நிலைக்குத் திரும்பும். அந்தத் தேதிக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் நீங்கும். உங்கள் புகைப்படங்களையும் ஆவணங்களையும் அது தொடுவதில்லை. எனவே தவறுதலாக அழித்த புகைப்படத்தை இதன் மூலம் மீட்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். ரீஸ்டோர் பாயின்ட் அதே வட்டிலேயே இருப்பதால், வட்டு பழுதானால் அதுவும் போய்விடும். 2017-இல் பரவிய வான்னாக்ரை போன்ற, பணம் பறிக்கும் ரான்சம்வேர்கள், கோப்புகளைப் பூட்டியதோடு இந்த ஷேடோ பிரதிகளையும் அழிக்க முயன்றன. முக்கியமான கோப்புகளின் பிரதி வெளி வட்டு ஒன்றில் தனியாக இருந்தே ஆக வேண்டும்.

[திரையில்: நீல நிற மீட்புத் திரை.]

குரல்: விண்டோஸ் தொடங்கவே மறுத்தால், சில தோல்விகளுக்குப் பின் இந்தத் திரை தானாக வரும். இதில் 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகச் சென்று 'சிஸ்டம் ரீஸ்டோர்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் டிரைவ் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படும். அது எங்கே இருக்கிறது என்பதைக் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்த்து, வேறிடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.