அழுத பிள்ளையும் அரங்கத்து மைக்கும்

(ஒரு கல்லூரி இலக்கிய மன்றத் தொடக்க விழாவில் பேசியது)

விழாத் தலைவர் முதல்வர் ஐயா அவர்களே, வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் தாளாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திய தமிழ்த்துறைத் தலைவர் அவர்களே (மடித்து வைத்துவிட்டேன், புழுக்கம்), பின்வரிசையில் செல்போனோடு இருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

'தொலைக்காட்சி அரசியல் விவாதமும் இளைஞர்களும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்வேன். கேள்வி கேட்பது யார் என்பது ஒன்று. நெறியாளரின் கடமை இரண்டு. விளம்பர வருமானம் மூன்று. அதற்கு முன் என் பாட்டியின் பழமொழி: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

2014 செப்டம்பர் 11. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரம். ஹைட்ரோ என்று ஓர் அரங்கம், பெரிய பாட்டுக் கச்சேரிகள் நடக்கிற இடம். அன்று அங்கே 7000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள். பிரிட்டனிலிருந்து பிரிந்து தனி நாடாகலாமா என்ற வாக்கெடுப்புக்கு ஒரு வாரம்தான் பாக்கி. அதற்காக வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைத்திருந்தார்கள். அந்தப் புது வாக்காளர்களைக் கூட்டி விவாதம் நடத்தியது பிபிசி. மேடையில் அரசியல்வாதிகள் நால்வர்: பிரிய வேண்டும் என்று நிக்கோலா ஸ்டர்ஜனும் பேட்ரிக் ஹார்வியும். வேண்டாம் என்று ரூத் டேவிட்சனும், தொப்பி போட்ட ஜார்ஜ் காலவேயும். 18-ஆம் தேதி 84.6 சதவீத வாக்குப்பதிவு. பிரிய வேண்டாம் என்று முடிவானது, அது அவர்கள் பாடு. மறு ஆண்டே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தன் தேர்தல்களுக்கும் 16 வயதை நிலையாக்கியது. அழுத பிள்ளை பால் குடித்தது!

சரி, நம் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சேனல் (பெயர் வேண்டாம், அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டார்கள்) தேர்தல் விவாதத்துக்கு மாணவர்களை அழைத்துவரச் சொன்னது. அறுபது பேரைக் கூட்டிப் போனேன். இரண்டு மணிக்கு வரச் சொன்னவர்கள் ஏழு மணிக்குத்தான் ஆரம்பித்தார்கள். கறுப்புச் சட்டை வேண்டாம், காவி வேண்டாம், பச்சை வேண்டாம், கட்டம் போட்டதும் வேண்டாம் என்றதில் பாதிப் பேர் பக்கத்து ஜவுளிக்கடைக்கு ஓடினார்கள். அப்புறம் ஒரு தம்பி வந்து கைதட்டப் பயிற்சி கொடுத்தார். "கையை இப்படித் தூக்கினால் தட்டணும், இப்படிக் காட்டினால் சிரிக்கணும்." முக்கால் மணி நேரம் தட்டுகிறார்கள், மேடையில் ஆளே இல்லை. "யாருக்கு சார் தட்டறோம்?" என்றான் ஒரு பையன். "யாருக்கு வேணுமோ பின்னாடி ஒட்டிக்குவோம் தம்பி" என்றார் அவர்.

கட்சிக்காரர்கள் நால்வரும் வந்து உட்கார்ந்தபின் ஒரு மாணவி எழுந்தாள். "எங்க ஊருக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு. வகுப்பு முடியுறது ஆறே முக்காலுக்கு. உங்கள்ல யார் சரிபண்ணுவீங்க?" நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒளிபரப்பில் அந்தக் கேள்வி இல்லை. அவள் கைதட்டுவது மட்டும் மூன்று முறை வந்தது. "நல்லா தட்டினே" என்று ஊரே பாராட்டியதாம்.

பிள்ளையை அழவிடாமல் கிலுகிலுப்பையைக் கையில் கொடுத்தால் பால் எங்கிருந்து வரும்? வாக்குரிமை வயது 21-இலிருந்து 18 ஆனது 1989-இல். நாட்டுக்குப் பிரதமரைத் தேர்ந்தெடுக்க உதவும் அந்த 18 வயது, பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க உதவாது. அதை முதல்வர் அறை பார்த்துக்கொள்ளும். மாணவர் பேரவைக்குப் பொதுவாகத் தேர்தல் நடத்த வேண்டும் என்று, மாணவர் தேர்தல்களை ஆராய அமைத்த லிங்டோ குழு சொல்லி, உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றும் ஆயிற்று. இதைத்தான் போகிற இடமெல்லாம் பேசுகிறேன்; போன வாரம் ஒரு கல்யாண வீட்டில்கூடப் பேசினேன். தாளாளர் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது.

மணி அடித்துவிட்டார்கள். நெறியாளரும் விளம்பரமும் அடுத்த ஆண்டுக்கு. வாசல் மேசையில் பேரவைத் தேர்தல் கேட்டு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. முதல் வரியை முதல்வர் ஐயாவுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன்.