விதையைப் பார்த்து மரத்துக்குத் தீர்ப்பு எழுதலாமா?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'வைரஸ் உயிருள்ளதா, உயிரற்றதா?' என்ற தலைப்பில், உயிருள்ளதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று செய்திகளை அழுத்தமாக வைத்தார். வைரஸ் உண்பதில்லை, மூச்சு விடுவதில்லை, வளர்வதில்லை என்றார். உப்பைப் போல அதைப் படிகமாக்கிப் புட்டியில் போட்டு வைக்கலாம் என்றார். இன்னொரு செல்லின் தயவு இல்லாமல் அதனால் பெருக முடியாது என்றார். இவற்றில் பெரும்பகுதி உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எதைப் பார்த்து இதையெல்லாம் சொன்னார் என்பதில்தான் எனக்கு வழக்கு.

அவர் பார்த்தது வைரஸ் துகளை. இருமலில் வெளிவந்து காற்றில் மிதக்கிறதே, அந்தத் துகள். உள்ளே டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ இருக்கும். தன்னை மறுபடியும் செய்துகொள்வதற்கான குறிப்பு அதில்தான் எழுதியிருக்கிறது. அதைச் சுற்றி ஒரு புரத உறை. சில வைரஸ்களுக்கு அதற்கும் மேலே ஒரு கொழுப்புப் போர்வை, போன செல்லிலிருந்து கிளம்பும்போது போர்த்திக்கொண்டு வந்தது. சோப்பு போட்டால் குலைந்துபோவது இந்தப் போர்வைதான். ஃப்ளூ வைரஸ் துகள் சுமார் 100 நானோமீட்டர் இருக்கும். 10,000 துகள்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும்.

அந்தத் துகள், நடுவர் அவர்களே, வைரஸின் விதை. ஒரு விதையைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு இலையில்லை, வேரில்லை, பூவில்லை, ஆகவே மரம் என்பது உயிரற்ற பொருள் என்று தீர்ப்பு எழுதலாமா? விதைகூட மிக மெல்ல மூச்சு விடுகிறதே, துகள் அதுகூடச் செய்யவில்லையே என்று எதிரணி கேட்பார்கள். நியாயமான கேள்வி. உவமை அந்த இடத்தில் பொருந்தவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மரத்தை மரத்தில்தான் தேட வேண்டும் என்பது மாறாது.

சரி, அப்படியானால் மரம் எங்கே? வைரஸ் எப்படிப் பெருகுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். பாக்டீரியா ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். வைரஸ் அப்படிப் பிரிவதே இல்லை. அது முதலில் தன்னையே கலைத்துப்போடுகிறது.

ஃப்ளூவையே எடுத்துக்கொள்வோம். நம் மூச்சுக்குழாய்ச் செல்களின் மேற்பரப்பில் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை நீட்டிக்கொண்டிருக்கும். வைரஸின் மேலிருக்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் அதைப் பற்றிக்கொள்ளும். செல் அதை உள்ளே இழுத்து ஒரு சிறு பைக்குள் வைக்கும். பைக்குள் அமிலம் ஏறும். அமிலம் பட்டதும் ஹீமக்ளூட்டினின் உருமாறி, வைரஸின் போர்வையைப் பையின் சவ்வோடு இணைத்துவிடும். உள்ளே வந்ததைச் சிதைக்க செல் சேர்த்த அமிலமே வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது! 8 ஆர்என்ஏ துண்டுகள் வெளியே வந்து செல்லின் உட்கருவுக்குள் போய்ச் சேரும். அங்கே அவற்றுக்குப் படிகள் எடுக்கப்படும். செல்லின் ரைபோசோம்கள் வைரஸின் புரதங்களைச் செய்யத் தொடங்கும். புதிய துண்டுகளும் புதிய புரதங்களும் செல்லின் மேற்சவ்வுக்கு அடியில் கூடி, அந்தச் சவ்வையே போர்த்திக்கொண்டு மொட்டு மாதிரி வெளியே பிதுங்கும். அப்போதும் சியாலிக் அமிலம் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். நியூராமினிடேஸ் என்ற நொதி வெட்டிவிட்டால்தான் அவை கிளம்ப முடியும். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டமிவிர் மருந்து தடுப்பது இந்தக் கத்தரியைத்தான்.

பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களில் விஷயம் இன்னும் துலக்கம். 1952-இல் ஆல்ஃபிரெட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் ஃபேஜின் புரதத்துக்குக் கதிரியக்கக் கந்தகத்தாலும், டிஎன்ஏவுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸாலும் அடையாளம் வைத்துப் பார்த்தார்கள். புரத உறை பெரும்பாலும் வெளியிலேயே தங்கிவிட்டது. உள்ளே போனது டிஎன்ஏ. அது உள்ளே போன சில நிமிடங்களில் அந்த பாக்டீரியாவை உடைத்துத் தேடினால், தொற்றக்கூடிய ஒரு துகள்கூடக் கிடைக்காது. ஆய்வாளர்கள் இதைக் கிரகண காலம் என்கிறார்கள். உடைக்காமல் பொறுத்திருந்தால், ஏறக்குறைய அரை மணி நேரத்தில் பாக்டீரியா வெடித்து நூறு ஃபேஜ்களுக்கு மேல் வெளியே வரும்.

அந்தக் கிரகண நேரத்தில் வைரஸ் எங்கே இருந்தது? எதிரணி இதற்குப் பதில் சொல்ல வேண்டும். துகள்தான் வைரஸ் என்றால், அந்த நிமிடங்களில் வைரஸ் என்ற ஒன்றே கிடையாது. இல்லாதது எப்படி நூறாக வந்து நின்றது? கூடு விட்டுக் கூடு பாய்ந்தவனை, விட்டுப்போன கூட்டில் தேடினால் கிடைப்பானா? அந்த நேரத்தில் அந்தச் செல்தான் வைரஸ். உண்கிறது, ஆற்றல் செய்கிறது, புரதம் செய்கிறது, எல்லாம் வைரஸின் பிள்ளைகளுக்காக. பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர் பாட்ரிக் ஃபோர்த்தேர் இந்த நிலைக்கு 'வைரோசெல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்.

இது எனக்குப் புத்தகத்தோடு நிற்கிற செய்தி இல்லை. என் அம்மாவுக்கு 9 வயதில் சின்னம்மை வந்தது. 64 வயதில் இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. சட்டை உரசினால்கூடத் துடித்துப்போவார். "இது யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன்: யாரிடமிருந்தும் இல்லை. சிறுவயதில் வந்த அதே வைரஸ், முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சில் 55 ஆண்டுகள் தங்கியிருந்தது. அதுவும் துகளாக இல்லை. நரம்பு செல்லின் உட்கருவுக்குள் வெறும் டிஎன்ஏவாக. உடலின் காவல் தளர்ந்ததும் எழுந்துவிட்டது. அன்றிலிருந்து யாராவது வைரஸை வெறும் தூசு என்று சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

படிகத்துக்கு வருகிறேன். 1935-இல் வெண்டெல் ஸ்டான்லி புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கினார், 1946-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தப் படிகத்தைக் கரைத்துப் புகையிலை இலையில் தேய்த்தால் மறுபடியும் தேமல் வந்தது. எதிரணித் தலைவரின் உப்பு அதைச் செய்யுமா?

வளர்வதில்லை என்றாரே, அதையும் பார்ப்போம். இத்தாலியில் போசுவோலி என்ற ஊரின் அமிலச் சுடுநீர் ஊற்றில் வாழும் ஒரு நுண்ணுயிரின் வைரஸைப் பற்றி 2005-இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அது செல்லிலிருந்து வெளியே வரும்போது எலுமிச்சை வடிவில் இருக்கிறது. வந்த பிறகு, எந்தச் செல்லின் துணையும் இல்லாமல், இரண்டு பக்கமும் வால் முளைக்கிறது. வெளியே கிடக்கும் துகளே இப்படி!

தயவு இல்லாமல் பெருக முடியாது என்ற வாதம் ரிக்கெட்சியா, கிளமிடியா போன்ற பாக்டீரியாக்களுக்கும் பொருந்தும். அவையும் இன்னொரு செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். அவற்றை உயிரற்றவை என்று யாரும் சொல்வதில்லை. செல்லின் ரைபோசோமைக் கடன் வாங்குவது இன்னும் ஆழமான சார்பு என்பது உண்மை. ஆனால் சார்பு எவ்வளவு ஆழமானாலும், சார்ந்திருப்பது ஒரு வாழ்க்கை முறைதான்.

1992-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஒரு குளிரூட்டும் கோபுரத்து நீரிலிருந்த அமீபாவுக்குள் ஒன்றைக் கண்டார்கள். சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்ததால் பாக்டீரியா என்றுதான் நினைத்தார்கள். அது வைரஸ் என்று 2003-இல் தெரியவந்தது. மிமிவைரஸ் என்று பெயர் பெற்றது. அதன் நெருங்கிய உறவான ஒரு ராட்சத வைரஸைத் தாக்கும் குட்டி வைரஸ் ஒன்றை 2008-இல் அறிவித்தார்கள். ஸ்புட்னிக் என்பது அதன் பெயர். ஸ்புட்னிக் புகுந்தால் ராட்சத வைரஸின் பிள்ளைகள் எண்ணிக்கையில் குறைகின்றன, பல உருக்குலைந்து பிறக்கின்றன. நடுவர் அவர்களே, கல்லுக்கு நோய் வந்து கேட்டதுண்டா? நோய்ப்படுவதற்கே ஓர் உயிர் வேண்டுமே.

மணி அடித்துவிட்டது, ஒரே ஒரு செய்தி. சைபீரியாவின் உறைந்த மண்ணில் 30,000 ஆண்டுகளாகக் கிடந்த பித்தோவைரஸ் என்ற ராட்சத வைரஸை 2014-இல் அறிவித்தார்கள். உருகிய மண்ணோடு அமீபாக்களைச் சேர்த்தபோது, அது அமீபாவுக்குள் புகுந்து பெருகி, அமீபாவைக் கொன்று வெளியே வந்தது. அந்த 30,000 ஆண்டும் அது செத்துக் கிடந்ததா, காத்துக் கிடந்ததா? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு விடை சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்கட்டும்.

நன்றி, வணக்கம்.