டச்சு நாடகத்துக்குள் புத்தர் வந்தது எப்படி?

ஒருவன் முன் சாவு வந்து நிற்கிறது. "கிளம்பு, கடவுளிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும்." அவன் கெஞ்சுகிறான், பணம் தருகிறேன் என்கிறான். நடக்கவில்லை. துணைக்கு வரச்சொல்லி உறவுக்காரனிடம் ஓடுகிறான். அவன் சொல்லும் சாக்கு என்ன தெரியுமா? "கால் விரல் பிடித்துக்கொண்டது!"

வணக்கம் நண்பர்களே. இது 'எவ்ரிமேன்' என்ற பழைய ஆங்கில நாடகத்தின் காட்சி. அதன் மூலம் டச்சு மொழியின் 'எல்கர்லைக்' என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றுதான்: ஒவ்வொருவன். டச்சுப் பதிப்பு 1495 வாக்கில் டெல்ஃப்ட் நகரில் அச்சானது. எழுதியவர் டீஸ்ட் ஊர் பீட்டர் என்கிறது 1536இல் வந்த லத்தீன் மொழிபெயர்ப்பு. அந்த பீட்டர் யார் என்பதில் இன்னும் ஊகம்தான்.

சரி, எது முதலில் வந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? டச்சில் அடியின் கடைசியில் இயைபாக நிற்கும் சொற்கள், ஆங்கிலத்தில் பல இடங்களில் அடியின் நடுவில் கிடக்கின்றன. பின்னால் வேறு இயைபுக்காக இரண்டு மூன்று சொற்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. பிரித்துத் தைத்த சட்டையில் பழைய ஊசித் துளை தெரியும் இல்லையா, அப்படி!

இப்போது நான் சொல்லத் துடித்த விஷயம். இந்த நாடகத்தின் கரு அதற்கும் பழைய ஒரு கதையில் இருக்கிறது. ஓர் அரசன் ஒரு ஆளைக் கடன் கணக்குக் கேட்டுக் கூப்பிடுகிறான். அந்த ஆளுக்கு மூன்று நண்பர்கள். உயிராக நினைத்தவன் கந்தல் துணி இரண்டைக் கொடுத்து அனுப்புகிறான். அவன்தான் பணம். இரண்டாமவன் கொஞ்ச தூரம் கூட வருகிறான். அது குடும்பம். கண்டுகொள்ளாமல் விட்ட மூன்றாமவன்தான் அரசன் முன் போய்ப் பரிந்து பேசுகிறான். அதுதான் அந்த ஆள் செய்த நல்லது. நாடகத்தில் அதே நற்செயல் ஒரு பாத்திரமாக வந்து, எழுந்து நிற்கவும் தெம்பில்லாமல் கிடக்கிறது, பாருங்கள்.

இந்தக் கதை வருவது ஜோசபாத் என்ற இளவரசனின் வரலாற்றில். அரண்மனை வாழ்க்கையைத் துறந்து துறவியாகிறான். எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதா? ஜோசபாத் வேறு யாருமில்லை, நம் போதிசத்துவர்தான், அதாவது ஞானம் பெறுவதற்கு முந்தைய புத்தர்! அரபியில் அந்தப் பெயர் பூதாசஃப் ஆனது. அதன் முதல் எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி இருக்கும். இன்னொரு புள்ளி வைத்தால் 'ப' 'ய' ஆகிவிடும்: யூதாசஃப். ஜார்ஜிய மொழி, கிரேக்கம், லத்தீன் என்று கைமாறி ஜோசபாத் ஆனார். கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர் பட்டியலிலும் நவம்பர் 27 அன்று இடம் பிடித்தார். ஒரே ஒரு புள்ளி, நண்பர்களே!

மூன்று நண்பர்கள் கதையை உங்கள் பாட்டி வேறு மாதிரி சொல்லியிருந்தால் கமெண்டில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிக்கிறேன்.