இரண்டு விரல் ஜன்னல்

நேயர்களுக்கு வணக்கம். கோடை வெயிலில் விலங்குகளைக் காப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றி என்ன பேச்சு என்று கீழே இருப்பவர்கள் சிரிக்கலாம். 2024 ஏப்ரல் கடைசியில் இங்கேயே 29 டிகிரி அடித்தது. மதுரைக்காரருக்கு அது மார்கழிக் கணக்கு. சரி, நான் சொல்ல வந்தது வேறு.

மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போட்டே முப்பது வருஷம் ஓடிவிட்டது. மே மாதம் வந்தால் எனக்கு ஒரே பேச்சுதான்: பூட்டிய கார்.

மலர்க் கண்காட்சி சமயம். பூங்காப் பக்கம் நின்ற வண்டி ஒன்றுக்குள் ஒரு பக் நாய், மூஞ்சி சப்பையாக இருக்குமே, அது. ஜன்னலை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நாக்கு கருஞ்சிவப்பு, வாயெல்லாம் பிசுபிசுவென்று எச்சில், கூப்பிட்டால் கண் திரும்பவில்லை. டீக்கடைப் பையன் ஓடிப்போய் வண்டிக்காரரைக் கூட்டிவந்தான். அவர் கேட்டது, "ஊட்டி குளுகுளுன்னு இருக்குமேன்னுதானே சார் கூட்டிட்டு வந்தோம்?"

என் பையில் எப்போதும் தெர்மாமீட்டர் இருக்கும், தொழில் தோஷம். வைத்துப் பார்த்தால் 41ஐத் தாண்டியிருந்தது. நாய்க்கு வழக்கமாக 38, 39தான். நிழலில் கிடத்தி, டீக்கடைக் குடத்துத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி அட்டையால் விசிறினோம். ஒரு அம்மா ஈரத்துண்டைப் போர்த்திவிட்டார். நல்ல மனசு, ஆனால் போர்த்திய துண்டு சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். எடுக்கச் சொன்னேன். முதலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அப்புறம் ஆஸ்பத்திரி. மறுபடியும் சொல்கிறேன், முதலில் தண்ணீர், அப்புறம் ஆஸ்பத்திரி. பக் பிழைத்தது. அந்த அம்மாதான் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை போனார்.

வெளியே 24 டிகிரிதான் இருக்கட்டும், காற்று சிலுசிலுவென்று வீசட்டும். கண்ணாடி வழியே வெயில் இறங்கினால் பத்தே நிமிஷத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும். இரண்டு விரல் சந்து அதற்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். இழுக்கிற காற்றே கொதித்தால் எப்படித் தள்ளும்? மூக்கு சப்பையான ஜாதிக்கு இன்னும் கஷ்டம்.

ஏரிக்கரைக் குதிரைகள், மசினகுடிப் பக்கம் வனத்துறை லாரியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பும் தொட்டிகள் என்று இன்னும் இரண்டு பக்கம் எழுதி வந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டதாம். ஒன்றே ஒன்று. வழியில் யானை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள், அது குடித்துவிட்டுப் போகட்டும். வணக்கம்.