ஓவியத்தின் கீழே பூட்ஸ்கள்

நேயர்களுக்கு வணக்கம். போரும் கொள்ளைநோயும் வாட்டுகிற காலத்தில் ஓவியக் கண்காட்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 1939 ஜனவரியில் லண்டனின் ஒயிட்சாப்பல் கலைக்கூடத்தில் நடந்ததையே நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, 1937 ஏப்ரல் 26 அன்று, குடியரசு ஆட்சியை எதிர்த்த பிராங்கோவின் படைக்குத் துணையாக, கெர்னிக்கா நகரின் மீது ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அதை அறிந்து ஸ்பெயின் ஓவியர் பிக்காசோ சில வாரங்களில் தீட்டிய ‘கெர்னிக்கா’ ஓவியம் ஏறத்தாழ எட்டு மீட்டர் அகலம் கொண்டது. கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு வண்ணமில்லை. குண்டு போட்ட விமானத்தை அதில் தேடினாலும் காண முடியாது. இறந்த குழந்தையை ஏந்தி அலறும் தாயும், துடிக்கும் குதிரையும், வீழ்ந்து கிடப்பவனுமே இருக்கிறார்கள்.

உழைப்பாளிகளும் குடியேறிய யூதர்களும் நிறைந்த கிழக்கு லண்டனுக்கு அவ்வோவியம் வந்தபோது, தொழிற்கட்சித் தலைவர் கிளெமென்ட் அட்லி கண்காட்சியைத் திறந்து வைத்தார். நுழைவுக் கட்டணமாகக் கேட்கப்பட்டது, ஸ்பெயினில் குடியரசுக்காகப் போரிடுவோரின் போர்முனைக்கு அனுப்பத் தகுந்த ஒரு ஜோடி பூட்ஸ். அவை ஓவியத்தின் அடியிலேயே வரிசையாக வைக்கப்பட்டன.

இதை மீண்டும் சொல்கிறேன்: பணமன்று, பூட்ஸ். ஓவியத்தைப் பார்த்து எழும் இரக்கம் வாசற்படி தாண்டுவதற்குள் வடிந்துவிடக்கூடும். ஆனால் வீட்டிலிருந்த பூட்ஸை எடுத்து, தோல் தாங்குமா, அடிப்பாகம் தேய்ந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தவர், ஓவியத்தின் முன் நிற்பதற்கு முன்பே, அதை அணிந்து குளிரில் நடக்கப்போகும் முகமறியா மனிதரை நினைக்கத் தொடங்கியிருப்பார். நெருக்கடிக் காலத்தில் கண்காட்சி அமைப்போர், சுவரில் எதை மாட்டுவது என்பதற்குச் செலுத்தும் கவனத்தில் பாதியையாவது இதற்குச் செலுத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்த பூட்ஸ்கள் ஸ்பெயின் குடியரசைக் காப்பாற்றவில்லை. அதே மாதம் 26 அன்று பார்சிலோனா பிராங்கோவின் படையிடம் வீழ்ந்தது. பிரிட்டிஷ் அரசும், அந்தப் போரிலிருந்து விலகி நிற்கும் தலையிடாக் கொள்கையைக் கைவிடவில்லை. அரசின் முடிவை மாற்றும் வேலையைக் கண்காட்சியின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. ஆனால் மக்கள் ஸ்பெயினைக் கைவிடவில்லை என்பதற்கு அந்த பூட்ஸ் வரிசை சான்று.

நேரம் முடிவதாகச் சைகை வருகிறது. விரிவாகப் பேச எண்ணியிருந்த எய்ட்ஸ் நினைவுத் துணியைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1987 அக்டோபர் 11 அன்று, வாஷிங்டன் நகரத் திறந்தவெளியில், எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக உற்றாரும் நண்பர்களும் தைத்த 1,920 துணிப்பலகைகள் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, அதாவது ஒரு புதைகுழியின் அளவு. சமூகம் உச்சரிக்கக் கூசிய பெயர்கள் அங்கே உரக்க வாசிக்கப்பட்டன. நன்றி, வணக்கம்.