கிரேக்கக் கடவுள்கள் எதற்காகத் தண்டிக்கிறார்கள்?

(திரையில்: இருண்ட பாதாளம், நடுவே ஒரு குளம், அதில் நிற்கும் கிழவர்)

மோவாயைத் தொடும் அளவுக்குத் தண்ணீர். குடிக்கக் குனிந்தால் நீர் மொத்தமும் வற்றி, காலடியில் கரிய மண் தெரிகிறது. தலைக்கு மேலே பேரி, மாதுளை, ஆப்பிள், அத்தி, ஆலிவ் எல்லாம் காய்த்துத் தொங்குகின்றன. கை நீட்டினால் காற்று வந்து கிளைகளை மேகம்வரை தூக்கிவிடுகிறது. இவர்தான் டாண்டலஸ். ஹோமரின் ஒடிசி காவியத்தில், 11-ஆம் காண்டத்தில், காவிய நாயகன் ஒடிசியஸ் இவரைப் பார்க்கிறான்.

இவர் செய்த குற்றம் என்ன? தேடினால் உடனே ஒரு பதில் கிடைக்கும்: பெற்ற மகனை வெட்டிச் சமைத்துக் கடவுள்களுக்கு விருந்து வைத்தார். ஆனால் ஒடிசியின் அந்த வரிகளை எத்தனை முறை படித்தாலும் குற்றத்தைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. பக்கத்திலேயே பாறை உருட்டும் சிசிஃபஸுக்கும் அப்படித்தான். தண்டனை இருக்கிறது, காரணம் இல்லை. அவன் மரணத்தையே கட்டிப்போட்டான் என்ற கதை வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தது. அந்தப் பாதாளக் காட்சியில் வதைபடும் மூவரில் டிட்டியோஸுக்கு மட்டுமே காரணம் சொல்லப்படுகிறது: அப்போலோவின் தாய் லீட்டோவைப் பலவந்தப்படுத்த முயன்றான். ஒன்பது பிளெத்ரா (கிரேக்க நில அளவு) நிலத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறான். இரண்டு கழுகுகள் இருபுறமும் உட்கார்ந்து ஈரலைக் கொத்துகின்றன.

டாண்டலஸுக்குக் குற்றம் தேடியவர்களில் முக்கியமானவர் கவிஞர் பிண்டார். கி.மு. 476-இல் சிராக்கூஸ் மன்னன் ஹீரோனின் குதிரை ஒலிம்பியாவில் வென்றது. அதற்குப் பாடிய பாட்டில், மகனைச் சமைத்த கதை பொறாமை பிடித்த அக்கம்பக்கத்தார் கட்டிவிட்டது என்கிறார் பிண்டார். கடவுளைப் பெருந்தீனிக்காரர் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவர் சொல்லும் குற்றம் திருட்டு. கடவுள்கள் டாண்டலஸைச் சாகாதவராக்கக் கொடுத்த அமுதத்தையே எடுத்துத் தன்னோடு குடிக்கும் கூட்டாளிகளுக்குப் பங்கு வைத்துவிட்டார். தண்டனையும் மாறிவிட்டது. குளமும் பழமும் போய், தலைக்கு மேல் எந்நேரமும் தொங்கும் ஒரு பெரிய கல் வந்துவிட்டது. யூரிப்பிடீஸ் கி.மு. 408-இல் எழுதிய ஒரு நாடகத்திலும் அதே கல்தான். ஆனால் அங்கே குற்றம் அடங்காத நாக்கு.

ஆக ஒரே ஆளுக்கு மூன்று வழக்குகள். அதனால் "கிரேக்கப் புராணம் இப்படிச் சொல்கிறது" என்று யாராவது தொடங்கினால், எந்த நூல், யார் எழுதியது, எந்தக் காலம் என்று முதலில் கேளுங்கள். அதீனாவோடு நெசவில் போட்டி போட்டுச் சிலந்தியான அராக்னியின் கதை நமக்கு முழுசாகக் கிடைப்பது ரோமானியக் கவிஞர் ஓவிடிடம், அது கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம், மொழி லத்தீன். அதீனாவின் கோவிலில் கடல் கடவுள் பொசைடனால் கெடுக்கப்பட்டு, அதற்குத் தண்டனையாகத் தலைமுடி பாம்பாக மாறிய மெடூசாவும் ஓவிடின் மெடூசாதான். அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய கிரேக்கக் கவிஞர் ஹீசியடின் கவிதையில் மெடூசா கோர்கன் என்ற அரக்கச் சகோதரிகளில் ஒருத்தி, அவ்வளவுதான். அதீனாவின் சாபம் அங்கே இல்லை. பொசைடன் அவளோடு கூடியது ஒரு புல்வெளியில், வசந்தகாலப் பூக்களுக்கு நடுவே. "கிரேக்கக் கடவுள்கள் கொடூரமானவர்கள்" என்று சொல்லும் வீடியோக்களில் பலவும் ஓவிடின் கதைகளை வைத்துத்தான் ஓடுகின்றன.

(திரையில்: வானம், கடல், பாதாளம் என்று மூன்று பங்காகப் பிரியும் உலகம்)

சரி, கிரேக்க நூல்களுக்குள்ளேயே நிற்போம். "தலைக்கனம் பிடித்தவன் அழிவான்" என்ற ஒற்றை வாய்ப்பாடு அங்கே பல இடங்களில் பொருந்தாது. அதைவிட நன்றாகப் பொருந்துவது பங்குக் கணக்கு. ஹோமரின் இன்னொரு காவியமான இலியடின் 15-ஆம் காண்டத்தில் பொசைடன் சொல்கிறார்: நாங்கள் மூன்று சகோதரர்கள், சீட்டுப் போட்டுப் பிரித்தோம். எனக்குக் கடல், ஹேடீஸுக்குப் பாதாளம், ஜீயஸுக்கு வானம். பூமியும் ஒலிம்பஸும் பொது. ஒவ்வொரு கடவுளுக்கும் இப்படி ஒரு பங்கு, அதற்குரிய மரியாதை. அந்தப் பங்கில் கை வைத்தால் தண்டனை. கை வைத்தவன் நல்லவனா கெட்டவனா என்பது அடுத்த கேள்வி, சில சமயம் கேட்கப்படாத கேள்வி.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒடிசி 12-ஆம் காண்டத்தைவிட நல்ல இடம் இல்லை.

திரினாக்கியா என்ற தீவு. அங்கே சூரியக் கடவுள் ஹீலியோஸின் மாட்டு மந்தைகள் ஏழு, ஆட்டு மந்தைகள் ஏழு, மந்தைக்கு ஐம்பது. மாடு 350, ஆடு 350. அவை குட்டி போடுவதும் இல்லை, சாவதும் இல்லை. ஆண்டின் 350 பகலும் 350 இரவும்தான் இவை என்று பழைய உரைகாரர்கள் கணக்குச் சொன்னார்கள். அந்த விளக்கத்தை ஏற்றாலும் விட்டாலும், எண்ணிக்கை குறையக் கூடாத சொத்து என்பது தெளிவு.

அவற்றைத் தொடாதே என்ற எச்சரிக்கை ஒடிசியஸுக்கு இரண்டு முறை வருகிறது: பாதாளத்தில் குறிசொல்லி டைரீசியஸ், பிறகு மந்திரக்காரி சர்சி. கரை இறங்கும் முன்னே மாலுமிகள் சத்தியமும் செய்கிறார்கள். அதன்பிறகு ஒரு மாதம் முழுக்கத் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மட்டுமே காற்று. கப்பல் நகரவில்லை. சர்சி கொடுத்த சாப்பாடு தீர்ந்ததும் மீன், பறவை என்று கிடைத்ததைப் பிடித்துத் தின்கிறார்கள். ஒடிசியஸ் தனியே போய்க் கடவுள்களிடம் வேண்டுகிறான். அவர்கள் தருவது தூக்கம். அவன் கண் மூடிய நேரத்தில் மாலுமி யூரிலோக்கஸ் பேசுகிறான்: எல்லாச் சாவும் கொடியதுதான், பசிச்சாவு எல்லாவற்றிலும் கொடியது. மாட்டைப் பலியிடுவோம், ஊர் போய்ச் சேர்ந்ததும் ஹீலியோஸுக்குக் கோவில் கட்டி ஈடு செய்வோம். அவர் கோபித்துக் கப்பலைக் கவிழ்த்தால், இங்கே கிடந்து காய்வதைவிட ஒரே மடக்கில் கடல்நீரைக் குடித்துச் சாகலாம்.

அடுத்து நடப்பதைக் கவிஞர் நிதானமாகச் சொல்கிறார். பலிக்கு முன் தூவ வாற்கோதுமை வேண்டும், கப்பலில் இல்லை. கருவாலி மரத்தின் தளிர்களைப் பறித்துத் தூவுகிறார்கள். எரியும் பலியின் மேல் ஊற்ற மது வேண்டும், அதுவும் இல்லை. தண்ணீரை ஊற்றுகிறார்கள். சடங்கின் ஒவ்வொரு படியும் இருக்கிறது, ஒவ்வொன்றும் போலி. பலியிடும் மாடே அந்தக் கடவுள்களில் ஒருவருக்குச் சொந்தம். உரித்த தோல்கள் தரையில் ஊர்கின்றன. கம்பியில் குத்திய இறைச்சி, வெந்ததும் வேகாததும், மாடு மாதிரிக் கத்துகிறது. அதைப் பார்த்த பிறகும் ஆறு நாள் விருந்து நடக்கிறது.

ஹீலியோஸ் அவர்களைத் தானே அழிக்கவில்லை. ஜீயஸிடம் முறையிடுகிறார், கூடவே ஒரு மிரட்டல்: ஈடு கிடைக்காவிட்டால் பாதாளத்துக்கு இறங்கிப் போய்ச் செத்தவர்களுக்கு வெளிச்சம் கொடுப்பேன். இந்த மிரட்டலைக் கவனிக்காமல் விட்டால் தண்டனை ஏன் அவ்வளவு பெரிது என்பது புரியாது. சூரியன் இடம் மாறினால் உலகப் பங்கீடே குலையும். ஜீயஸ் உடனே ஒத்துக்கொள்கிறார். ஏழாம் நாள் கப்பல் கிளம்புகிறது, மின்னல் அடிக்கிறது, தின்னாத ஒடிசியஸ் மட்டும் பாய்மரத்தையும் அடிக்கட்டையையும் சேர்த்துக் கட்டி மிதக்கிறான்.

காவியத்தின் தொடக்கத்திலேயே கவிஞர் தீர்ப்பெழுதிவிட்டார்: சொந்த அறிவீனத்தால் அழிந்தார்கள் என்று. ஜீயஸும் முதல் காண்டத்தில், மனிதர்கள் எல்லாப் பழியையும் நம்மீது போடுகிறார்கள் என்று சலித்துக்கொள்கிறார். தூக்கத்தைக் கொடுத்தது யார் என்பதையும் அதே கவிஞர் மறைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நீதிக்கதை ஆக்கினால் காவியம் கெட்டுவிடும்.

(திரையில்: இரண்டு சிலைகள், ஒருபுறம் அஃப்ரோடைட்டி, மறுபுறம் ஆர்ட்டெமிஸ்)

வாயால் கெட்டவர்கள் தனிக் கூட்டம். லீட்டோவுக்கு இரண்டே பிள்ளைகள், எனக்கு நிறைய என்று சொன்னாள் நயோபி. இலியடில் அவளுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், வேறு பல நூல்களில் பதினான்கு. லீட்டோவின் அந்த இருவரில் அப்போலோ மகன்களைக் கொன்றார், மகள்களை ஆர்ட்டெமிஸ் கொன்றாள். டிராய் போரில் கிரேக்கர் பக்கம் நின்ற வீரன் அயாக்ஸின் கதை இதைவிட நுட்பம். கடவுள் துணையோடு வெற்றி தேடு என்று தந்தை சொல்லி அனுப்புகிறார். கடவுள் துணை இருந்தால் ஒன்றுக்கும் ஆகாதவன்கூட ஜெயிப்பான், எனக்கு அது வேண்டாம் என்கிறான். பின்னொரு நாள் போர்க்களத்தில் அதீனாவே பக்கத்தில் வந்து நின்றபோது, மற்றவர்களிடம் போய் நில் என்கிறான். நாடகாசிரியர் சோஃபோக்ளீஸ் இந்தப் பழைய கணக்கை நாடகத்தின் நடுவில்தான் அவிழ்க்கிறார், அதோடு ஒரு கெடுவும் வைக்கிறார்: அதீனாவின் கோபம் இன்று ஒரு நாள்தான். இன்று மட்டும் அவனைக் கூடாரத்துக்குள் வைத்திருந்தால் பிழைப்பான். செய்தி வரும்போது அவன் கூடாரத்தில் இல்லை.

பேச்சுக்கு மட்டுமல்ல, புறக்கணிப்புக்கும் தண்டனை உண்டு. கி.மு. 428-இல் ஏதென்ஸில் முதல் பரிசு வென்ற யூரிப்பிடீஸின் 'ஹிப்போலிட்டஸ்' நாடகத்தில், அந்த இளைஞன் வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் பக்தன், ஒழுக்கத்தில் ஒரு குறை சொல்ல முடியாதவன். காதல் தெய்வம் அஃப்ரோடைட்டியை மட்டும் வணங்க மாட்டான். அவளே முதல் காட்சியில் மேடைக்கு வந்து திட்டத்தைச் சொல்லிவிடுகிறாள்: அவன் சிற்றன்னை ஃபீட்ராவுக்கு அவன்மேல் ஏற்கெனவே காதலை மூட்டிவிட்டேன், தந்தை தீசியஸ் சபிப்பான், அவன் சாவான். ஃபீட்ரா நல்லவள், ஆனாலும் சாவாள். அவளுக்காக என் பழியை விட முடியாது. வயதான பணியாள் ஒருவன் அஃப்ரோடைட்டி சிலை முன் நின்று, பையன் ஏதோ பேசுகிறான், காதில் விழாத மாதிரி இருந்துவிடம்மா, கடவுள்கள் மனிதர்களைவிட விவேகமாக இருக்க வேண்டாமா என்று கேட்கிறான். பதில் இல்லை.

கடைசியில் ஆர்ட்டெமிஸ் வருகிறாள். ஏன் தடுக்கவில்லை? ஒரு கடவுள் விரும்பியதை இன்னொரு கடவுள் எதிர்க்கக் கூடாது. ஜீயஸுக்கு அஞ்சித்தான் ஒதுங்கி நின்றேன் என்கிறாள். அவள் தரும் ஆறுதல், அஃப்ரோடைட்டிக்கு மிகப் பிரியமான ஒரு மனிதனைத் தன் அம்பால் கொல்வேன் என்பது. கணக்கு மனிதர்கள் தலையிலேயே நேராகிறது. அவன் உயிர் பிரியும் முன் கிளம்பியும் விடுகிறாள். சாவைக் கண்ணால் பார்ப்பது கடவுளுக்கு ஆகாது.

அயாக்ஸுக்கு வைத்ததுபோல் கெடு எப்போதும் ஒரு நாள் இல்லை. ஹெரோடோட்டஸின் வரலாற்றில் லிடியா மன்னன் குரோசஸ் ஆட்சியை இழந்து, அப்போலோ குறிசொல்லும் கோவிலான டெல்ஃபிக்கு ஆள் அனுப்பி, இத்தனை காணிக்கை வாங்கிக்கொண்டு என்னை ஏமாற்றினாயே என்று கேட்கிறான். பதில்: ஐந்து தலைமுறைக்கு முன் அரசனைக் கொன்று அரியணை ஏறிய உன் மூதாதையின் கடனை நீ கட்டினாய். அப்போலோ முயன்று மூன்று ஆண்டு தள்ளிவைத்தார், அதற்குமேல் முடியவில்லை. அதே நூலில் ஸ்பார்ட்டாவின் கிளாக்கஸ், ஒருவர் நம்பி ஒப்படைத்த வெள்ளியைப் பொய்ச்சத்தியம் செய்து அமுக்கிக்கொள்ளலாமா என்று டெல்ஃபியில் கேட்கிறான். பயந்துபோய் மன்னிப்புக் கேட்டு, பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். ஆனால் கேட்டதே செய்ததற்குச் சமம். அவன் வம்சம் ஸ்பார்ட்டாவில் வேரோடு போயிற்று. கடவுள்களுக்கும் இதில் விலக்கு இல்லை: பாதாள நதி ஸ்டிக்ஸின் நீரின்மேல் பொய்ச்சத்தியம் செய்யும் கடவுள் ஓராண்டு மூச்சுப்பேச்சின்றிக் கிடக்க வேண்டும், பிறகு ஒன்பது ஆண்டு சபையும் விருந்தும் கிடையாது என்கிறார் ஹீசியட். பத்தாம் ஆண்டு திரும்பலாம். மனிதர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

(திரையில்: மலைச்சரிவு, ஒற்றை ஊசியிலை மரம்)

தண்டனையின் கருவி வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. யூரிப்பிடீஸ் இறந்தபின் மேடையேறிய 'பாக்கே' நாடகத்தில் மின்னல் தாக்கி யாரும் சாவதில்லை. தீப்ஸ் நகரின் இளம் மன்னன் பென்தியஸ், தன் தாயின் சகோதரி மகனான மதுக் கடவுள் டயோனைசஸைக் கடவுளாக ஏற்க மறுக்கிறான்; அவருடைய பக்தைகளுக்கு விலங்கு பூட்டுகிறான், விலங்கு கழன்று விழுகிறது. பிறகு டயோனைசஸ் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: மலையில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆசையா? அத்தோடு மன்னன் கையை விட்டுப் போகிறான். பெண் உடை போட்டுக்கொள்கிறான், முந்தானை சரியாக விழுகிறதா என்று கேட்கிறான், இரண்டு சூரியனும் இரண்டு தீப்ஸும் தெரிவதாகச் சொல்கிறான். அவனை மரத்திலிருந்து சாய்த்து முதலில் கை வைப்பவள் அவனைப் பெற்ற அகாவி. அவளுக்கு அது சிங்கம்.

பென்தியஸின் தலையை ஏந்திக்கொண்டு வரும் அகாவியை அவள் தந்தை கேட்மஸ் தெளிவிக்கும் முறை கச்சிதமானது. வானத்தைப் பார் என்கிறார். முன்னைப்போல இருக்கிறதா? தெளிவாக இருக்கிறது என்கிறாள். யாருக்கு வாழ்க்கைப்பட்டாய்? என்ன பிள்ளை பிறந்தது? கையில் இருப்பது யார் தலை? சிங்கம் என்கிறாள். நன்றாகப் பார், பார்ப்பது பெரிய வேலையில்லை என்கிறார். பார்க்கிறாள்.

டயோனைசஸ் தோன்றுகிறார். கேட்மஸ் சொல்கிறார்: கோபத்தில் கடவுள்கள் மனிதர்களைப்போல இருக்கக் கூடாது. ஹிப்போலிட்டஸின் பணியாள் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். இந்த முறை பதில் வருகிறது, என் தந்தை ஜீயஸ் இதற்கு எப்போதோ சம்மதித்துவிட்டார் என்று. இத்தனைக்கும் கேட்மஸ் டயோனைசஸை வணங்கியவர். அவரும் பாம்பாவார் என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்புரையின் தொடக்கம் நமக்குக் கிடைக்கவில்லை. கையெழுத்துப் படியில் 1329-ஆம் வரிக்குப் பிறகு ஒரு பகுதி தொலைந்துவிட்டது. அடுத்து கிடைக்கும் வரியில் டயோனைசஸ் பேச்சின் நடுவில் இருக்கிறார். இடையில் இருந்ததை ஊகிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துவது, யூரிப்பிடீஸின் வரிகளை எடுத்துக் கோத்து இயேசுவின் பாடுகளைப் பற்றிப் பைசாந்தியக் காலத்தில் எழுதப்பட்ட ஒரு கிறிஸ்தவ நாடகத்தை.