அறுவைக்குப் பின் ஏறும் எண்கள்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கோவையில் பைபாஸோ வால்வு மாற்றமோ முடித்து மலையேறி வந்தவரின் ஃபைலைத் திறந்தால், தடித்த எழுத்தில், உடம்பின் அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி. 160 என்றிருக்கும். பக்கத்திலேயே, இயல்பு 5-க்குள் என்றும் போட்டிருக்கும். வீட்டில் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்?

அந்த 5 என்பது நலமாக நடமாடுகிறவர்களின் அளவு. நெஞ்செலும்பை அறுத்து, இதய நுரையீரல் இயந்திரத்தின் பிளாஸ்டிக் குழாய்களில் ரத்தத்தை ஓடவிட்டால் உடம்பு சும்மா இருக்காது. அழற்சி எழும், ஈரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கும். கிருமி ஏதும் இல்லாமலேயே இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சம் தொடும். சுரப்பு நின்றபின் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிற பொருள் அது. ஆனால் அழற்சி ஒரேயடியாக அடங்காது, அதனால் இறக்கமும் மெதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே எவ்வளவு என்று கேட்காதீர்கள். இறங்குகிறதா என்று கேளுங்கள். இறங்கியது மறுபடி ஏறினால்தான் தையல், நெஞ்செலும்பு, சளி, சிறுநீர் என்று தேட வேண்டும். சில வாரம் கழித்து, காய்ச்சலோடு மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலித்தால் அது இதய உறையின் அழற்சியாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். இன்னொன்று, அலகைப் பாருங்கள். லிட்டருக்கு 160 மில்லிகிராம் என்பதும் டெசிலிட்டருக்கு 16 மில்லிகிராம் என்பதும் ஒன்றேதான். லேப் மாறியதை மறந்து, குறைந்துவிட்டது என்று மகிழ்கிறவர்கள் உண்டு.

இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் நொதிகளில் சி.கே.-எம்.பி. இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதே தசையிலிருந்து கசியும் ட்ரோபோனின் நொதி அல்ல, வேறொரு புரதம். ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். அதனால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சில மணி நேர இடைவெளியில் இருமுறை பார்ப்பார்கள். நெஞ்சுவலி என்றால் மட்டும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

எல்.டி.ஹெச். என்ற நொதியைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். சிவப்பணுவுக்குள் இந்த நொதி, வெளியே சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் தெளியும் நீரில், இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேல் இருக்கும். தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கி மிதித்தால் ஃபேக்டரி சேருமுன்பே சிவந்துவிடுகிறதல்லவா? அணுவும் அப்படித்தான், ட்யூபிலேயே உடைந்துவிடும். உலோக வால்வு வைத்தவருக்கு இது பெரிய குழப்பம். வால்வின் ஓரம் கசிந்தாலும் அணு உடைந்து எல்.டி.ஹெச். ஏறும், ட்யூபில் உடைந்தாலும் ஏறும். எது என்று எண் சொல்லாது. சீரம் ரோஸ் நிறமாக இருந்தால் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்ப்பதே வழி.

குன்னூர், மஞ்சூர் குளிரில் ரத்தக் குழாய் சுருங்கிக் கிடக்கும். ரத்தம் கொடுக்குமுன் கையை வெந்நீரில் வையுங்கள். ரத்தம் எடுக்கக் கையில் கட்டும் பட்டை ஒரு நிமிடம் தாண்டக் கூடாது. முஷ்டியை மடக்கி மடக்கி விரிக்க வேண்டாம், பொட்டாசியம் பொய்யாக ஏறும். ஸ்பிரிட் காய்ந்தபிறகே ஊசி. ட்யூபை மெல்லக் கவிழ்க்கலாம், குலுக்கக் கூடாது. அரை மணி உறையவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்த சீரத்தைத்தான் பஸ்ஸில் ஏற்ற வேண்டும். பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தால் அதிலும் பொட்டாசியம் கசிந்து ஏறும். நீர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தப் பொய்க் கணக்கு ஆபத்து. எல்.டி.ஹெச்.சுக்கு ஃபிரிட்ஜே ஆகாது. குளிரில் அதன் சில வகைகள் செயலிழந்துவிடும். மறுபடி சொல்கிறேன்: முதலில் பிரிப்பது, பிறகு அனுப்புவது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நீல மூடி ட்யூபைக் கோடு வரை நிரப்பச் சொல்லுங்கள். ஒன்பது பங்கு ரத்தம், ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் ஒரு பங்கு. ரத்தம் குறைந்தால் ஐ.என்.ஆர். பொய்யாக ஏறும், அதை நம்பி ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையைக் குறைத்தால் வால்வில் ரத்தம் உறையலாம். முட்டைக்கோஸ், கீரையை நிறுத்த வேண்டாம், தினமும் ஒரே அளவில் சாப்பிடுங்கள். நன்றி, வணக்கம்.